கொடைக்கானலில் ஒரு குடும்பக் கோடை

திண்டுக்கல் மாவட்டத்தில், பழனி மலைத்தொடரின் மேல்மட்டத்தில், கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கொடைக்கானல். மதுரையில் வெயில் 40 டிகிரியை நெருங்கும் மே மாதத்திலும் இங்கே பகல் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். இரவில் கம்பளி வேண்டும். உயரம் ஒரு கிலோமீட்டர் கூடினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. கொடைக்கானலில் அதற்கு மேலும் குளிர்வதற்குக் காரணம், நண்பகலுக்குள் பள்ளத்தாக்கிலிருந்து எழுந்து வந்து வெயிலை மறைத்துவிடும் மேகம். கோடையிலும் பிற்பகலில் இடி மழை பெய்வது உண்டு. அதனால்தான் உள்ளூர்க்காரர்கள் எந்த இடத்தைப் பார்ப்பதானாலும் காலையிலேயே பார்த்துவிடச் சொல்கிறார்கள்.

தமிழ்நாட்டின் இரு பெரிய மலை வாசஸ்தலங்களில் ஊட்டி அரசாங்கம் வளர்த்த ஊர். சென்னை மாகாண அரசே கோடைதோறும் கோப்புகளோடு அங்கே இடம் பெயர்ந்தது. கொடைக்கானலின் பிறப்பு வேறு வகை. 1821-இல் லெப்டினன்ட் வார்டு என்ற ஆங்கிலேய அதிகாரி நில அளவைக்காக இந்த மலைக்கு வந்தார். ஆனால் குடியிருப்பு ஏற்பட்டது 1845-இல். மதுரையில் 1834 முதல் பணியாற்றிவந்த அமெரிக்க மிஷனரிகளின் குடும்பங்களைக் காலராவும் காய்ச்சலும் விடாமல் துரத்தின. மனைவியரையும் பிள்ளைகளையும் வரிசையாகப் புதைத்தவர்கள், கோடையில் தங்க ஓர் இடம் தேடினார்கள். அருகிலிருந்த சிறுமலைக்குப் போய்ப் பார்த்தார்கள். அங்கேயும் மலேரியா விடவில்லை. காய்ச்சல் எட்டாத உயரம் தேடி வந்து, இங்கே இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். குழந்தைகளை உயிரோடு வைத்துக்கொள்வதற்காகத் தொடங்கிய ஊர் இது. குடும்பம் குடும்பமாக ஏறி வந்து வாரக்கணக்கில் தங்குவது அதன் முதல் பழக்கம்.

1901-இல் மிஷனரிகளின் பிள்ளைகளுக்கென்று ஏரிக்கரையை ஒட்டி ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. இன்று அது கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி. கோடையில் பெற்றோர் மேலே வந்து வீடெடுத்து, படிக்கும் பிள்ளைகளோடு தங்கினார்கள். இப்படித்தான் ஏரியைச் சுற்றிய சரிவுகளில் ஓட்டுக்கூரையும் கணப்பு அடுப்பும் கொண்ட காட்டேஜ்கள் பெருகின.

ஆனால் அந்த நாளில் மலையேறுவது சுலபமில்லை. 1870-களில் ரயில் வந்த பிறகும் அம்மையநாயக்கனூரில், அதாவது இன்றைய கொடைரோடு நிலையத்தில், இறங்கி மாட்டுவண்டியில் இரவெல்லாம் பயணம் செய்து பெரியகுளத்தை அடுத்த மலையடிவாரத்துக்கு வரவேண்டும். அங்கிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதை. ஆண்கள் குதிரையிலோ நடந்தோ ஏறினார்கள். பெண்களையும் குழந்தைகளையும் நாற்காலியில் வைத்துக் கம்பு கட்டிக் கூலியாட்கள் தோளில் சுமந்தார்கள். பெட்டி, படுக்கை, பாத்திரம், சில வீடுகளுக்குப் பியானோ உட்பட எல்லாமே மனிதத் தலையிலும் தோளிலும்தான் ஏறின. வரலாற்றுக் குறிப்புகளில் வீடு கட்டியவர்களின் பெயர் இருக்கிறது. சுமந்தவர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. வத்தலக்குண்டு வழியாக மேஜர் லா திட்டமிட்ட மலைப்பாதை வண்டிகள் ஏறும் அளவுக்கு முழுமையாகி, 1910-களில் மோட்டார் வந்த பிறகுதான் அந்தச் சுமை இறங்கியது. பேருந்து வந்ததும் மதுரை, திண்டுக்கல், திருச்சிக் குடும்பங்களுக்கும் கொடைக்கானல் எட்டும் தூரத்துக்கு வந்தது.

இன்றைக்கும் பிரதான வழி அதே லா பாதைதான். காட்ரோடு சோதனைச்சாவடியைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கும். புளியந்தோப்பும் மாந்தோப்பும் மறைந்து, டம்டம் பாறை வந்ததும் எதிர் மலையில் வெள்ளைக் கோடாகத் தலையாறு அருவி தெரியும். எலிவால் அருவி என்று பெயர் பெற்ற இது, 297 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. தமிழ்நாட்டின் மிக உயரமான அருவிகளில் ஒன்று. கீழே மஞ்சளாறு அணை. அதற்கு மேல் ஊத்து, பெருமாள்மலை, கொடைக்கானல் ஏரியின் உபரி நீர் கொட்டும் வெள்ளி நீர்வீழ்ச்சி, செண்பகனூர், பிறகு ஊர். பழனியிலிருந்து ஏறும் பாதை சுமார் 64 கிலோமீட்டர். கூட்டம் கொஞ்சம் குறைவு. பெரியகுளத்திலிருந்து அடுக்கம் வழியாக ஏறும் மூன்றாவது பாதை குறுகலானது. மலைப்பாதை பழகாத ஓட்டுநர்களுக்கு ஏற்றதல்ல.

வளைவுகளில் குழந்தைகளுக்குக் குமட்டுவது வயிற்றுக் கோளாறு அல்ல. உடல் திரும்புவதைக் காதின் உட்பகுதி உணர்கிறது. கைப்பேசித் திரையில் பதிந்த கண்ணோ அசைவே இல்லை என்று சொல்கிறது. இந்த முரண்பாட்டில்தான் தலை சுற்றுகிறது. திரையை வாங்கி வைத்துவிட்டு, தொலைவிலுள்ள மலையைப் பார்க்கச் சொன்னால் பாதித் தொல்லை குறையும். அரை வயிற்றுச் சாப்பாடும் ஒரு புளி மிட்டாயும் மீதியைக் கவனித்துக்கொள்ளும். பெருமாள்மலையை எட்டும்போது பையில் இருக்கும் சிப்ஸ் பாக்கெட் பலூன்போல் உப்பியிருப்பதைப் பிள்ளைகள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள். வெளியே காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்காகிவிட்டது; கீழே அடைத்த காற்று உள்ளிருந்து தள்ளுகிறது. காது அடைப்பதும் இதனால்தான். எச்சிலை விழுங்கினால் சரியாகிவிடும்.

வெளியூர் வாகனங்களுக்கு இப்போது இ-பாஸ் கட்டாயம். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறைக்கு வந்தது. முதலில் எண்ணிக்கைக் கணக்குக்காக மட்டுமே பாஸ் வழங்கினார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் கோடை மாதங்களுக்கு வரம்பும் வந்தது: கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000. அரசுப் பேருந்துகளுக்குக் கட்டுப்பாடு இல்லை. ஒரு வண்டிக்கு ஐந்து பேர் என்று வைத்தாலும் வார இறுதியில் நாளொன்றுக்கு 30,000 பேர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கொடைக்கானல் நகராட்சியில் வசித்தவர்கள் 36,501 பேர். தண்ணீர், குப்பை, சாலை எல்லாம் ஊருக்கென்று அமைந்தவை. சீசனில் அவை இன்னோர் ஊரையும் சேர்த்துச் சுமக்கின்றன.

அறை வாடகை ஏப்ரல் கடைசியிலிருந்து பள்ளி திறக்கும்வரை பிற மாதங்களைவிடப் பல மடங்கு ஏறும். லாட்ஜ்காரர்கள், குதிரைக்காரர்கள், வாடகை சைக்கிள் கடைக்காரர்கள், சோளக்கதிர் சுடுபவர்கள் எல்லோருக்கும் ஆண்டுச் சம்பாத்தியத்தின் பெரும்பகுதி இந்தச் சில வாரங்களில்தான் வந்தாக வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. ஜூன் மூன்றாம் வாரத்தில் அதே அறை பாதி விலைக்குக் கிடைக்கலாம். அப்போது பள்ளி திறந்திருக்கும். நாலைந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு இரண்டு ஓட்டல் அறைகளைவிடச் சமையலறையுள்ள ஒரு காட்டேஜ் சௌகரியம். ஆனால் அங்கே சமைக்கும்போது ஒரு விஷயம் புரியும். இந்த உயரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் அல்ல, ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த பானையில் சோறு வேகப் பிடிக்கும் நேரம் கூடும். பருப்பு வேக இன்னும் அதிக நேரம் பிடிக்கும். குக்கர் அழுத்தத்தைக் கூட்டிக் கொதிநிலையை ஏற்றுவதால், மலையூரில் குக்கர் இல்லாத வீடு அபூர்வம்.

கொடைக்கானலின் நடுநாயகம் ஏரி. அது இயற்கையாக அமைந்ததல்ல. மதுரை ஆட்சியராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச், 1863-இல் சதுப்பு நிலத்தில் ஓடிய ஓடையை மறித்து அணை கட்டி உருவாக்கினார்; முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்தார். மலைமடிப்புகளுக்குள் நீர் புகுந்து நின்றதால் ஏரிக்கு நட்சத்திர வடிவம். சுற்றியுள்ள சாலை சுமார் ஐந்து கிலோமீட்டர். ஏற்ற இறக்கம் இல்லாத இந்தச் சாலையில் தாத்தா பாட்டியும் நடக்கலாம், சின்னப் பிள்ளை சைக்கிளும் ஓட்டலாம். காலை ஆறரை மணிக்கு அங்கே போனால் நீர்மேல் ஆவி படர்ந்திருக்கும். நீர்க்காகம் முங்கி எழும் இடத்தில் மட்டும் ஆவி கலைந்து வட்டம் விரியும். ஒன்பது மணிக்குப் படகுத்துறை திறந்து வரிசை நீண்டுவிட்டால் அது வேறு ஏரி.

ஏரியிலிருந்து நடக்கும் தூரத்தில் பிரையன்ட் பூங்கா. வன அலுவலர் பிரையன்ட் 1908-இல் திட்டமிட்டது, 20 ஏக்கர். மே மாதப் பிற்பகுதியில் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் இங்கேதான் நடக்கும். மாதக்கணக்கில் முன்கூட்டியே நாற்று விட்டு, விழா நாளில் பூக்கும்படி தோட்டக்கலைத் துறைப் பணியாளர்கள் கணக்கிட்டு நடுகிறார்கள். பூவால் செய்த யானை, மயில் பொம்மைகளைச் சுற்றித்தான் படம் எடுக்கும் கூட்டம் மொய்க்கும். பாத்திகளை நிதானமாகச் சுற்றினால் அந்த உழைப்பு இன்னும் நன்றாகத் தெரியும்.

கோக்கர்ஸ் வாக் 1872-இல் லெப்டினன்ட் கோக்கர் மலைவிளிம்பில் அமைத்த நடைபாதை, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். இங்கே ஓர் அரிய காட்சி வாய்க்கலாம். பின்னால் சாய்ந்த வெயிலும் முன்னால் பள்ளத்தில் மேகமும் ஒன்றாக அமைந்தால், நிற்பவரின் நிழல் மேகத்தின் மேல் நீண்டு விழும். நிழலின் தலையைச் சுற்றி வானவில் நிறத்தில் ஒரு வளையம் இருக்கும். நான்கு பேர் சேர்ந்து நின்றாலும் ஒவ்வொருவருக்கும் தன் தலையைச் சுற்றி மட்டுமே வளையம் தெரியும். மேகத்துளிகள் ஒளியை வந்த திசையிலேயே திருப்பி அனுப்புவதால் நேரும் இந்த விளைவுக்கு ஜெர்மனியின் புரோக்கன் சிகரத்தின் பெயர்.

பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துப் போக வேண்டிய இடம் சூரிய ஆய்வகம். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் தென்னிந்தியாவில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். சூரியனில் ஏற்படும் மாற்றங்களுக்கும் மழை பொய்ப்பதற்கும் தொடர்பு உண்டா என்று கண்டறிய ஓர் ஆய்வகம் வேண்டும் என்ற எண்ணம் அதிலிருந்து வலுத்தது. தூசி இல்லாத காற்றும் தெளிந்த காலை வானமும் உள்ள கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்து 1899-இல் பணியைத் தொடங்கினார்கள். 1909-இல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு மையத்திலிருந்து விளிம்பை நோக்கிப் பாய்வதை இங்கிருந்தே கண்டறிந்தார். எவர்ஷெட் விளைவு என்று உலகப் பாடநூல்களில் இருப்பது அதுதான். நூறாண்டுகளுக்கு மேல் தொடர்ந்து எடுக்கப்பட்ட சூரியப் படங்கள் இங்கே சேமிப்பில் உள்ளன. இந்திய வான் இயற்பியல் மையம் இதை நடத்துகிறது. ஒரு பஞ்சத்தின் வேதனையிலிருந்து பிறந்த அறிவியல் என்று சொல்லிக் கொடுத்தால் பத்து வயதுப் பிள்ளைக்கும் அது பதியும்.

இத்தனை இருந்தும் பெரும்பாலான குடும்பங்கள் பார்ப்பது வேறொரு கொடைக்கானலை. சனிக்கிழமை காலையில் வந்து இறங்குகிறார்கள். டெம்போ டிராவலரோ வாடகைக் காரோ பேசிப் பன்னிரண்டு மைல் சுற்றுக்குக் கிளம்புகிறார்கள். மோயர் பாயிண்ட், பைன் காடு, குணா குகை, 122 மீட்டர் உயரத் தூண் பாறை என்று எல்லாமே ஒரே சாலையில் அடுத்தடுத்து இருக்கின்றன. எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் அங்கேதான் போகும். ஒவ்வொரு பாயிண்டிலும் பத்து நிமிடம் பார்க்க முக்கால் மணி நேரம் வண்டிக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். தூண் பாறைக்குப் போய்ச் சேரும்போது மேகம் மூடியிருக்கும். வாரக்கணக்கில் தங்குவதற்கென்று அமைந்த ஊரை ஒன்றரை நாளில் சுற்றி முடிக்க நினைப்பதுதான் சிக்கலுக்கெல்லாம் வேர். பணமும் அதில்தான் விரயமாகிறது. இடங்களின் எண்ணிக்கையைப் பாதியாக்கி, நாட்களை இரட்டிப்பாக்கினால் செலவு அவ்வளவாகக் கூடாது. திங்கள் முதல் வியாழன் வரை தங்கிப் பார்ப்பவர்களுக்கு அதே பைன் காடு ஏறக்குறைய தனியாகக் கிடைக்கும்.

குணா குகைக்கு அந்தப் பெயரைத் தந்தது 1991-இல் வந்த கமல்ஹாசன் படம். அதற்கு முன் ஆங்கிலேயர் வைத்த பெயர் பேய்களின் சமையலறை. பாறைப் பிளவுகளின் ஆழத்தில் பலர் விழுந்து மடிந்த இடம் அது. 2006-இல் கேரளத்திலிருந்து வந்த நண்பர் குழுவில் ஒருவர் உள்ளே விழுந்து, தோழர் ஒருவரால் மீட்கப்பட்டதை வைத்து எடுத்த ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ 2024-இல் வெளியானதும் இங்கே கூட்டம் மீண்டும் அலைமோதியது. குகைக்குள் இறங்க அனுமதி இல்லை. கம்பிவேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம். வேலி எதற்கு என்று பிள்ளைகளுக்கு முன்பே சொல்லி அழைத்துப் போவது பெற்றோரின் கடமை.

ஊரைத் தாண்டினால் மலை இன்னும் அகலமானது. மேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் பூம்பாறை. படிப்படியாக இறங்கும் வயல்களில் பூண்டு, கேரட், உருளை விளைகின்றன. கொடைக்கானல் மலைப்பூண்டு புவிசார் குறியீடு பெற்றது. பல்லை நசுக்கினால் காரம் கண்ணில் ஏறும். இங்குள்ள குழந்தை வேலப்பர் சிலையைச் சித்தர் போகர் செய்தார் என்பது மலைமக்களின் நம்பிக்கை. இன்னும் மேற்கே போனால் மன்னவனூர்ப் புல்வெளியும் மத்திய அரசின் செம்மறி ஆட்டுப் பண்ணையும் உண்டு. பேரிஜம் ஏரிக்குப் போக வனத்துறை அனுமதி வேண்டும். அங்கே போகக் கொடுத்துவைத்தவர்கள் சோலைக்காட்டை அதன் இயல்பில் பார்க்கலாம்: பாசி படர்ந்த குள்ள மரங்கள், மடிப்புகளில் மட்டும் அடர்ந்த காடு, மேலே திறந்த புல்வெளி.

இந்தப் புல்வெளிதான் மலையின் தண்ணீர்த் தொட்டி. மழையைப் பிடித்து மெதுவாக விடுவது அதுவே. தெற்கே வைகைக்கும் வடக்கே அமராவதிக்கும் போகும் ஓடைகள் இங்கே பிறக்கின்றன. விறகுக்கென்று ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்த வாட்டில், யூகலிப்டஸ், பைன் மரங்களும் விரிந்த விவசாயமும் சேர்ந்து, 1973-இலிருந்து நாற்பது ஆண்டுகளில் பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கை விழுங்கிவிட்டதாகச் செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஆய்வு 2018-இல் காட்டியது. படம் எடுக்க எல்லோரும் ஓடும் பைன் காடும் அப்படி நட்டு வளர்த்ததுதான். அதன் உதிர்சருகின்மேல் வேறு செடி எளிதில் தலைதூக்காது. குறிஞ்சியின் இடமும் இந்தப் புல்வெளியே. 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் அது 2018-இல் பூத்தது. அடுத்த முறை 2030. கோடையில் வருபவர்களுக்கு அது கிடைக்காது. ஜூலைக்கும் அக்டோபருக்கும் இடையில் வரவேண்டும்.

அந்தப் பூவின் பெயரில் ஒரு கோயில் ஊருக்குள் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பிறந்து இந்து சமயத்தைத் தழுவி, இலங்கைத் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்த லீலாவதி அம்மையார் 1936-இல் கட்டிய குறிஞ்சி ஆண்டவர் கோயில் அது. வானம் தெளிந்திருந்தால் முற்றத்திலிருந்து பழனிக் கோயிலையும் வைகை அணையையும் பார்க்கலாம்.

ஊருக்குள்ளேயே காட்டுமாடுகள் நடமாடும். சாயங்காலம் லாட்ஜ் வாசலில் வந்து நின்று மேயும் அவை சாதுவாகத் தோன்றலாம். நெருங்கிப் படம் எடுக்கப் போனவர்களை முட்டிய நிகழ்ச்சிகள் உண்டு. நின்று, வழிவிட்டு, அது போன பிறகு போவதே உள்ளூர் வழக்கம். குரங்குகளுக்கு எதுவும் கொடுக்கக் கூடாது. ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் இங்கே தடை. சோதனையில் பிடிபட்டால் பாட்டில் ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரி. வீட்டிலிருந்து இரண்டு எவர்சில்வர் பாட்டில் எடுத்து வந்தால் போதும். வெயில் உறைக்காது என்பதால் தொப்பியை மறந்துவிடுகிறார்கள். உயரத்தில் புற ஊதாக்கதிர் கூடுதல் என்பதால் ஏரியில் ஒரு மணி நேரம் படகு விட்ட பிள்ளையின் மூக்கு சில நாட்களில் தோல் உரியலாம்.

இறங்கும்போது ஏறியதைவிடக் கவனம் தேவை. பிரேக்கை மட்டும் நம்பி வருபவர்களின் சக்கரத்திலிருந்து கருகல் வாடை வரும். எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும், ஏறி வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது மலைப்பாதை விதி. மே மாதமானால் வழியில் பிளம்ஸும் பட்டர் ஃப்ரூட்டும் குவித்திருப்பார்கள். யூகலிப்டஸ் தைலம் வாங்குவதானால் ரசீது தரும் கடையில் வாங்குவது நல்லது. சாலையோரப் பாட்டில்களில் கலப்படம் அதிகம். பழனி வழியாக இறங்குபவர்கள் மலைவாழையைத் தாராகவே வாங்கலாம். விருப்பாச்சி மலைப்பழம் எனப்படும் இதற்கும் புவிசார் குறியீடு உண்டு; பழனிப் பஞ்சாமிர்தத்தில் சேர்வது இதுதான். தோல் கறுத்தாலும் உள்ளே அழுகாது. மூன்று நான்கு நாள் வைத்திருந்து, தோல் சுருங்கிய பிறகு சாப்பிட்டால்தான் இனிப்பு முழுதாக இறங்கியிருக்கும்.